நாற்பத்தொன்றாவது குழி

மனித குலம் கவனிக்க: செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணி ஏழு நிமிடத்துக்கு, நகரின் தலைமை நுண்ணுயிர் ஆய்வகத்து இரண்டாம் மாடிக் கூட்ட அறையில், உலகம் இதுவரை கண்டிராத ஒரு புதிய வைரஸ் திரிபு பிறந்திருப்பதாக அதன் இயக்குநர் அறிவித்தார். பதினொரு மணிக்கே அறிவித்திருப்பார். மைக் வேலை செய்யவில்லை.

ஊரில் ஏற்கெனவே சுற்றும் இரண்டு பழைய வகைகள் கலந்து உருவான மூன்றாவது வகை என்றார். கண்டுபிடித்தது நமது ஆய்வகம் என்றார். கண்டுபிடித்த மெஷின் தமது முயற்சியால் வாங்கப்பட்டது என்றார். சொல்லும் குரலில் பிரசவ வார்டுக்கு வெளியே நிற்கும் அப்பாவின் பெருமை இருந்தது.

அச்சப்படத் தேவையில்லை என்று மூன்று முறை சொன்னார். முதல் முறை சொன்னதும் கடைகளில் முகக்கவசம் தீர்ந்தது. இரண்டாம் முறைக்கு காய்ச்சல் மாத்திரை. மூன்றாம் முறைக்கு, என்ன காரணமோ, டார்ச் லைட்டும் பாட்டரியும். ஒரு சேனலில் கண் டாக்டர் ஒருவரும் ஓய்வுபெற்ற பாலப் பொறியாளர் ஒருவரும் வைரஸைப் பற்றி ஒரு மணி நேரம் விவாதித்தார்கள். பொறியாளர்தான் கொஞ்சம் தெளிவாகப் பேசினார்.

புதிய திரிபின் அதிகாரப்பூர்வப் பெயர் லாரி நம்பர் மாதிரி இருந்தது. அதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. ஆனால் அறிக்கையின் கடைசிப் பத்தியில் ஒரு வரி இருந்தது: முதல் நோயாளி முப்பத்தெட்டு வயது ஆண்; பள்ளிக் குழந்தைகளை வேனில் ஏற்றிச் செல்பவர்; அவரது அடையாளம் காக்கப்படும். மாலைச் செய்திக்குள் ஊருக்கே அது ‘வேன் வைரஸ்’ ஆகிவிட்டது. அடையாளமும் காக்கப்பட்டது, நாற்பது நிமிடம்.

நாற்பத்தொன்றாவது நிமிடத்தில் பெற்றோர் வாட்ஸ்அப் குழுவின் அட்மின் துப்புத் துலக்கிவிட்டார். அந்தம்மாவுக்கு அட்மின் என்பது பொறுப்பு இல்லை, பதவி. வீட்டுக்காரரே போனில் அட்மின் என்றுதான் பதிந்து வைத்திருந்தார். ஊரில் வேன் ஓட்டுகிறவர்கள் நூறு பேர் இருப்பார்கள். ஆனால் போன வாரம் வண்டிக்குள் தும்மியவர் ஒருவர்தான் என்பதற்கு அட்மினிடம் சாட்சி இருந்தது. சாட்சி மூன்றாம் வகுப்பு படிக்கும் அவருடைய மகன். ஏழு முறை தும்மினார் என்று அவன் சொன்னான். அது குழுவில் பதினேழாகப் போய்ச் சேர்ந்தது.

அந்த வேன்காரருக்குப் பிள்ளைகள் வைத்த பேர் பாம்பாம் மாமா. ஒவ்வொரு வீட்டு வாசலிலும் இரண்டே இரண்டு ஹாரன், ஒன்று கூடாது, ஒன்று குறையாது. ஒன்பது வருஷமாக அதே வழி, பதினான்கு நிறுத்தம். சத்தம் கேட்ட பிறகுதான் பாதி வீடுகளில் சாக்ஸ் தேட ஆரம்பிப்பார்கள். மாமா காத்திருப்பார். இரண்டு நிமிஷத்துக்கு மேல் ஆனால் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பிப்பார். அதுதான் அவர் கோபம்.

அவருக்கு ஒரு அக்கா. அந்த அக்கா வேலை பார்ப்பது அதே ஆய்வகத்தில்.

இயக்குநர் மைக்கைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தபோது அக்கா கீழ்த் தளத்தில் கை கழுவிக்கொண்டிருந்தார். சுவரில் இருந்த டி.வி.யில் அறிவிப்பு ஓடியது. வேன், முப்பத்தெட்டு வயது என்று காதில் விழுந்ததும் சோப்பு நுரையோடு போய் அலுவலகப் பட்டியலைப் புரட்டினார். ஆய்வகத்துக்குள் ஆட்களுக்குப் பேர் கிடையாது, நம்பர்தான். பேர் அலுவலகப் பட்டியலில் மட்டும் இருக்கும். பதினேழாம் தட்டு, நாற்பத்தொன்றாவது குழி. பக்கத்தில் தம்பியின் பேர். பேர் மேல் நுரை ஒரு சொட்டு விழுந்தது. ஒற்றி எடுத்தார்.

பயந்தார்தான். ஆனால் ஊர் பயந்த காரணம் வேறு, அக்கா பயந்த காரணம் வேறு. பதினேழாம் தட்டு அவருக்கு நன்றாக ஞாபகம் இருந்தது.

தட்டு என்றால் உள்ளங்கை அகலத்தில் ஒரு பிளாஸ்டிக் பலகை. அதில் தொண்ணூற்றாறு குழிகள். குழிக்கு ஒரு ஆள். அந்த ஆளின் தொண்டையிலிருந்து எடுத்தது நாலு சொட்டு. ஒருவருடையது பக்கத்துக் குழிக்குப் போகாமலிருக்க மேலே கண்ணாடி போல ஒரு தாள் ஒட்டியிருக்கும். அதைப் பிரித்துவிட்டால் தட்டை ஊஞ்சலில் தூங்கும் குழந்தை மாதிரி கையாள வேண்டும். சுவரில் ஒரு பலகையே மாட்டியிருந்தது: ‘திறந்த தட்டைச் சாய்க்காதீர்.’ கீழே இயக்குநரின் கையெழுத்து, கையெழுத்துக்குக் கீழே அவருடைய நாலு பட்டங்கள்.

முதலில் நோய் இருக்கிறதா என்று பார்ப்பது, இருந்தால் மட்டும் எந்த வகை என்று பார்ப்பது. உலகம் அப்படித்தான் செய்கிறது. இங்கே புது மெஷின் வந்த பிறகு அது சும்மா இருக்கக் கூடாது என்று உத்தரவு. நோய் இருக்கிறவன், இல்லாதவன், பள்ளிக்கூட வேலைக்காக வருஷாந்தர உடம்புச் சான்றிதழ் வாங்க வந்தவன், எல்லோரும் மெஷினுக்குள் போனார்கள். தம்பி சான்றிதழ் வாங்க வந்த வகை.

பதினேழாம் தட்டு மெஷினுக்குள் போக இருந்த நேரத்தில்தான் ஆண்டறிக்கை அட்டைக்குப் படம் எடுக்க போட்டோகிராபரோடு இயக்குநர் உள்ளே வந்தார். ஆறு வருஷத்தில் அவர் அந்த அறைக்குள் வந்தது மூன்றாவது முறை. கையில் ஏதாவது பிடித்துக்கொண்டால் நன்றாக இருக்கும் என்றார் போட்டோகிராபர். இயக்குநர் கையில் கிடைத்தது தட்டு. மேல் தாள் பளபளத்து லைட்டை அடித்தது. தாளைப் பிரித்து எடுக்கச் சொன்னார்கள். எடுக்கக் கூடாது என்று அக்கா சொன்னார். ஒரு நிமிஷம்தானேம்மா என்றார் இயக்குநர். பிறகு போட்டோகிராபர், சார், கேமராவுக்குத் தெரியற மாதிரி கொஞ்சம் சாய்ச்சுப் பிடிங்க என்றார். சார் சாய்த்துப் பிடித்தார், வாங்கின கோப்பையை ஜனங்களுக்குக் காட்டுகிற விளையாட்டு வீரன் மாதிரி. பதினோரு படம் எடுத்தார்கள்.

தட்டைக் குப்பையில் போட்டுவிடலாம் என்று அக்கா சொன்னதற்கு, அது என்ன விலை தெரியுமா என்று பதில் வந்தது. போட்டார், குப்பையில் இல்லை, மெஷினில். போடுமுன் தன் நோட்டில் எழுதி வைத்தார். கை தவறினால், மின்சாரம் போனால், தும்மினால்கூட எழுதி வைக்கிற ஆள். ‘தட்டு 17. படமெடுக்கத் திறக்கப்பட்டது. சாய்க்கப்பட்டது. காலை 10.20.’

நாற்பதாவது குழியில் ஒரு பழைய வகைக்காரர். நாற்பத்திரண்டாவது குழியில் இன்னொரு பழைய வகைக்காரர். நடுவில் தம்பி. உலகம் இதுவரை கண்டிராத திரிபு எங்கே பிறந்தது என்று அக்காவுக்கு வேறு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

இதை அவர் உடனே போய்ச் சொல்லியிருப்பார் என்று நினைப்பீர்கள். மூன்று நாள் சொல்லவில்லை. அவருடைய வேலை ஒப்பந்த வேலை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒரு கையெழுத்தில் உயிர் பிழைக்கும். கையெழுத்து யாருடையது என்று சொல்ல வேண்டாம். தானாகவே தெரிந்துவிடும், பெரிய ஆட்கள் யாராவது கவனித்துவிடுவார்கள் என்று காத்திருந்தார். பெரிய ஆட்கள் பேட்டி கொடுத்துக்கொண்டிருந்தார்கள்.

அதற்குள் தம்பி வீட்டுக் கதவில் சிவப்புத் தாள் ஒட்டிவிட்டார்கள். மழைக்கோட்டு மாதிரி எதையோ மாட்டிக்கொண்டு வந்த நாலு பேர் வேனுக்குள் மருந்து அடித்தார்கள். அடித்த வேகத்தில் சீட்டுப் பஞ்சு ஊறி, வண்டி நாலு நாள் சொட்டிக்கொண்டிருந்தது. எதிர் மாடியிலிருந்து எடுத்த வீடியோ ஊர் சுற்றியது. பாம்பாம் மாமா கொடுத்த ரப்பர், பென்சில் எல்லாவற்றையும் எரித்துவிடும்படி அட்மின் அறிவுறுத்தினார். ஒரு அப்பா மகனுடைய புத்தகப் பையையே எரித்துவிட்டு, வீட்டுப்பாடம் எப்படிச் செய்வது என்று குழுவில் கேட்டிருந்தார். மஞ்சள் வேனைக் கண்டால் ஜனங்கள் சாலையின் மறுபக்கம் போனார்கள். ஐஸ்கிரீம் வேன் ஒன்றுக்கும் கல்லடி விழுந்தது. அது மஞ்சள்கூட இல்லை.

வியாழக்கிழமை அக்கா தம்பி வீட்டு ஜன்னலுக்கு வெளியே போய் நின்றார். உள்ளே தம்பி, தம்பி மனைவி, எட்டு வயது மகள். ஜன்னல் மூடியிருந்தது. கண்ணாடி வழியாகத்தான் பேச்சு.

உடம்பு எப்படி என்று கேட்டதற்குத் தம்பி சிரித்தார். “எனக்கு ஒண்ணுமில்லக்கா. வந்து வந்து காய்ச்சல் பாக்குறாங்க. இனிமே அந்தத் தெர்மாமீட்டருக்குத்தான் ஏதாவது வரணும்.”

தம்பி மனைவி சிரிக்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரி தண்ணீர்க் குடத்தை வாசலில் வைத்துவிட்டு ஓடுகிறாள், வைக்கிற வேகத்தில் பாதி சிந்திவிடுகிறது, மீதியில் சமைக்கிறேன் அண்ணி, என்றாள். பிறகு பள்ளிக்கூடத்திலிருந்து வந்த கடிதத்தைக் கண்ணாடியில் ஒட்டிக் காட்டினாள். நோய் இல்லை என்ற சான்றிதழை வரும் திங்கள் விட்டு அடுத்த திங்கள் காலைக்குள் கொண்டுவராவிட்டால், பதினான்கு பிள்ளைகளின் வழி வேறு வண்டிக்குப் போய்விடும். அந்த வேனை விட்டால் தம்பிக்கு வேறு வழி கிடையாது.

“பஞ்சர் ஆன அன்னைக்குக்கூட ரெண்டு நிமிஷம்தான் லேட்,” என்றார் தம்பி, யாரோ அதைக் குற்றமாகச் சொன்ன மாதிரி.

தெருவில் பிள்ளைகள் விளையாடிக்கொண்டிருந்தார்கள். தொட்டுப் பிடிக்கும் விளையாட்டுத்தான். நேற்று முதல் புதுச் சட்டம். தொடப்பட்டவன் பாம்பாம். அவன் சுவரோரம் போய் பதினாலு எண்ணும்வரை நிற்க வேண்டும், நின்றுகொண்டு தும்ம வேண்டும். மற்றவர்கள் கத்திக்கொண்டே ஓட வேண்டும். தம்பி மகள் கண்ணாடியில் மூக்கை அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அத்தை, இந்தத் தாளைக் கிழிச்சதும் நானும் ஆடப் போவேன். அவங்களுக்கு அப்பா மாதிரி தும்மத் தெரியலை. எனக்குத் தெரியும்.”

தம்பி ஒரு துணியை எடுத்து ஜன்னல் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார்.

வெள்ளிக்கிழமை காலை அக்கா நோட்டையும் புதன்கிழமைச் செய்தித்தாளையும் எடுத்துக்கொண்டு இயக்குநர் அறைக்குப் போனார். ஆண்டறிக்கைக்கு எடுத்த படத்தையே அறிவிப்போடு பத்திரிகைகளுக்குக் கொடுத்திருந்தார்கள். முதல் பக்கம், நாலு பத்தி அகலம். திறந்த தட்டு, சாய்ந்த தட்டு. இயக்குநரின் தோளுக்குப் பின்னால் சுவரில் ‘திறந்த தட்டைச் சாய்க்காதீர்’, கையெழுத்தோடும் பட்டங்களோடும், கண்ணாடி போடாமலே படிக்கிற அளவுக்குத் தெளிவாக. ஊரில் இரண்டு லட்சம் பேர் அந்தப் படத்தைப் பார்த்திருந்தார்கள்.

இந்தப் படத்தைப் பாருங்கள் சார் என்று மேஜையில் விரித்தார். இயக்குநர் அதைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தார். நீண்ட நேரம் பார்த்தார்.

“டை கோணலா இருக்கு,” என்றார்.

அக்கா விரலால் தட்டைத் தொட்டுக் காட்டினார். பிறகு பலகையை. பிறகு நோட்டுப் பக்கத்தை. நாற்பது, நாற்பத்தொன்று, நாற்பத்திரண்டு என்று சொன்னார். நடுவில் இருப்பது தன் தம்பி என்றும் சொன்னார். இயக்குநர் முட்டாள் இல்லை. முப்பது வருஷத்துக்கு முன் அவரும் தட்டுப் பிடித்தவர்தான். முகத்திலிருந்து ஒவ்வொரு பட்டமாகக் கழன்றது. கதவைச் சாத்தச் சொன்னார்.

“நாளைக்கு அமைச்சகத்திலேர்ந்து வர்றாங்க. அவங்ககிட்ட என்னன்னு சொல்லச் சொல்றீங்க? போட்டோ எடுத்தேன், வைரஸ் வந்துடுச்சுன்னா?”

“ஆமா சார்.”

அவர் எழுந்து ஜன்னலோரம் போய் நின்றார். திரும்பி வந்தபோது பட்டங்களை மாட்டிக்கொண்டிருந்தார். தட்டை மெஷினில் போட்டது யார் என்று கேட்டார். பதிவில் அக்காவின் கையெழுத்து. நோட்டில் எழுதி வைக்க யார் சொன்னது என்று கேட்டார். யாரும் சொல்லவில்லை. கடைசியில், தணிந்த குரலில், கிட்டத்தட்டப் பரிவாகவே கேட்டார்:

“அந்த நாற்பத்தொண்ணு உங்க தம்பின்னு இங்க யாருக்காவது தெரியுமா? தம்பிக்காக அக்கா பொய் சொல்றாங்கன்னு ஆயிடாதா, யோசிச்சீங்களா?”

அக்கா யோசித்திருக்கவில்லை. வாசல்வரை போனவர் திரும்பி, தம்பிக்கு இன்னொரு முறை எடுத்துப் பாருங்கள் சார், அது போதும், வேறு எதுவும் கேட்கமாட்டேன் என்றார். இயக்குநர் சம்மதித்தார். அவருக்கும் ஒரு கதவு தேவையாக இருந்தது.

சனிக்கிழமை எடுத்தார்கள். ஞாயிற்றுக்கிழமை முடிவு வந்தது. தம்பியின் உடம்பில் புதியதும் இல்லை, பழையதும் இல்லை, எதுவுமே இல்லை. அக்கா ஆய்வகக் கழிவறையில் போய்க் கொஞ்ச நேரம் அழுதுவிட்டு முகம் கழுவிக்கொண்டு வந்தார். இனி ஒரு சான்றிதழ்தானே, ஒரு கையெழுத்துதானே என்று நினைத்தார்.

அன்று மாலை இயக்குநர் இரண்டாவது அறிவிப்பை வெளியிட்டார். இந்த முறை மைக் வேலை செய்தது. புதிய திரிபு நாம் நினைத்ததைவிட நுட்பமானது என்றார். ஐந்தே நாளில் தடம் தெரியாமல் மறைந்துவிடுகிறது என்றார். சோதனையில் சிக்காத திரிபை உலகில் முதன்முதலாக நமது ஆய்வகம்தான் கண்டறிந்துள்ளது என்றார்.

அதுவரை நோய் இருப்பதாக முடிவு வந்தவர்கள் மட்டும் பயந்துகொண்டிருந்தார்கள். இப்போது இல்லை என்று வந்தவர்களும் சேர்ந்துகொண்டார்கள். ஒரு கம்பெனி நோய் இல்லாதவர்களையெல்லாம் வேலைக்கு வர வேண்டாம் என்று வீட்டுக்கு அனுப்பியது. ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளை வீட்டார் பெண்ணின் சான்றிதழைப் பார்த்துவிட்டு, ரொம்பச் சுத்தமாக இருக்கிறதே என்று சந்தேகப்பட்டார்கள். கண் டாக்டரும் பாலப் பொறியாளரும் மறுபடி வந்தார்கள். கண்ணுக்குத் தெரியாததே ஆபத்து என்று பொறியாளர் சொன்னார், கண் டாக்டர் தலையாட்டினார். ‘சிக்கலைன்னா இருக்குன்னு அர்த்தம்’ என்று அட்மின் ஒரே வரியில் முடித்துவிட்டார். தம்பி வீட்டுக் கதவில் சிவப்புத் தாளுக்குப் பக்கத்தில் இன்னொரு சிவப்புத் தாள் ஏறியது. பக்கத்து வீட்டுக்காரி தண்ணீர் வைப்பதை நிறுத்தினாள்.

திங்கள் காலை தம்பி போன் பண்ணினார். உனக்கு எல்லாம் தெரியுமேக்கா, இல்லைன்னு வந்தா நல்லதுதானே என்று கேட்டார். நல்லதுதான்டா என்றார் அக்கா. அப்புறம் ஏன்க்கா என்று கேட்டார். அக்காவிடம் பதில் இருந்தது, செய்தித்தாளின் முதல் பக்கத்தில்.

செவ்வாயன்று கடல் தாண்டி ஒரு பெரிய ஆய்வகத்திலிருந்து கடிதம். திரிபைத் தாங்களும் பார்க்க வேண்டும், மாதிரி அனுப்புங்கள் என்று. இயக்குநருக்குக் கால் தரையில் பாவவில்லை. அந்தக் கடிதத்துக்குச் சட்டம் போடச் சொல்லிவிட்டு, நாற்பத்தொன்றாவது குழியில் இருந்ததை அனுப்பும்படி உத்தரவிட்டார். பார்சல் கட்டுவது அக்காவின் வேலை.

அக்கா கட்டினார். குழியில் இருந்ததை வைத்தார். அதோடு உறைபெட்டியின் அடியில் கிடந்த மூன்று குப்பிகளையும் எடுத்து வைத்தார். தட்டில் ஊற்றுவதற்கு முன் தொண்டையிலிருந்து எடுத்து வைத்த மூலம் அவை. நாற்பது, நாற்பத்தொன்று, நாற்பத்திரண்டு. மேலே நோட்டுப் பக்கத்தின் நகல். அதன் மேல், நான்காக மடித்து, புதன்கிழமைச் செய்தித்தாளின் முதல் பக்கம். விளக்கம் எதுவும் எழுதவில்லை. எழுதியிருந்தாலும் அந்தப் படத்தைவிட நன்றாக எழுதியிருக்க முடியாது. அனுப்பியவர் என்ற இடத்தில் தன் பேரைப் போட்டார். பேனா அந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசித்தது.

பிறகு நாள் எண்ணினார். புதன், வியாழன், வெள்ளி. சனிக்கிழமை மாலை பதில் வந்தது. கெடு திங்கள் காலை. மூலக் குப்பி நாற்பத்தொன்றில் எந்த வைரஸும் இல்லை, கலந்தது தட்டில், இணைத்திருந்த படம் மிகவும் உதவியாக இருந்தது, நன்றி. கடிதம் இயக்குநரின் ஆய்வகத்துக்கு மட்டுமல்ல, இங்கே யார் யாருக்கெல்லாம் போக வேண்டுமோ அத்தனை பேருக்கும் போயிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை செய்தித்தாளில் பதினோராம் பக்கத்தில், வீடு வாடகைக்கு விளம்பரங்களுக்கு மேலே, ஆறு வரி வந்தது. அதே நாள் இயக்குநரின் மூன்றாவது அறிவிப்பும் வந்தது. ஆய்வகத்தின் துரித நடவடிக்கையால் திரிபு ஒரே நபரோடு முற்றிலும் ஒழிக்கப்பட்டது, உலக வரலாற்றில் இது முதல் முறை. அது ஒரு விதத்தில் உண்மைதான். அடுத்த வாரம் அவருக்குக் கேடயம் கொடுத்தார்கள். போட்டோகிராபர் அதே ஆள். கேடயம் லைட் அடிக்கிறது, கொஞ்சம் சாய்த்துப் பிடியுங்கள் என்று சொன்னாராம்.

அக்காவின் ஒப்பந்தம் அந்த ஞாயிறோடு முடிந்தது, புதுப்பிக்கப்படவில்லை. ஆள் குறைப்பு என்று காரணம் எழுதியிருந்தது. குறைந்த ஆள் ஒன்று.

அந்த ஞாயிறு இரவு தம்பியும் மனைவியும் மகளும் வேனைக் கழுவினார்கள். பகலில் வந்து சேர்ந்த சான்றிதழுக்குப் பிளாஸ்டிக் உறை போட்டு முன் கண்ணாடியில் உள்பக்கமாக ஒட்டினார்கள், வெளியிலிருந்து படிக்கிற மாதிரி. சீட்டுக்குப் புதுப் பஞ்சு. மகள் கதவிலிருந்த சிவப்புத் தாள்களைக் கிழித்துக் கப்பல் செய்தாள்.

திங்கள் காலை அக்காவும் முன் சீட்டில் ஏறிக்கொண்டார். போக வேறு இடமும் இல்லை. முதல் நிறுத்தம் அட்மின் வீடு. ஏழு பத்துக்கு வந்து நிற்க வேண்டும். ஏழு பத்துக்கு நின்றது. இரண்டு ஹாரன்.

வெளியே வந்தது பையன் இல்லை, அட்மின். கேட்டைத் திறக்காமல் உள்ளேயே நின்றார். முகத்தில் இரண்டு முகக்கவசம். கண்ணாடியில் ஒட்டியிருந்த சான்றிதழை முழுசாகப் படித்தார். முத்திரையைக் கூடப் பார்த்தார். அந்தம்மா கெட்டவர் இல்லை. கண் கலங்கித்தான் இருந்தது.

“தப்பா எடுத்துக்காதீங்க தம்பி. உங்களுக்கு ஒண்ணும் இல்லைன்னு எங்களுக்குத் தெரியும். ஆனா எல்லாரும் அன்னைக்கே வேற வண்டி பேசிட்டோம். இப்ப அந்த வண்டிக்காரரை நிறுத்தினா அவர் பாவம் இல்லையா?”

தம்பி தலையாட்டினார். பாவம்தான் என்றார்.

திரும்பிப் போயிருக்கலாம். போகவில்லை. இரண்டாவது நிறுத்தத்துக்குப் போனார், இரண்டு ஹாரன், ஒரு நிமிஷம் காத்திருந்தார். மூன்றாவதுக்குப் போனார். ஒரு வீட்டில் திரை அசைந்தது. ஒரு வீட்டில் வேலைக்காரம்மா வந்து, புள்ள போயிடுச்சுங்க என்று சொல்லிவிட்டுப் போனார். ஒன்பதாவது நிறுத்தத்துக்குப் பக்கத்தில் எதிரே ஒரு நீல வேன் வந்தது. உள்ளே பதினாலு தலை. பாம்பாம் வண்டியைப் பார்த்ததும் பிள்ளைகளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஜன்னலை நோக்கி ஓடி வந்து கை ஆட்டினார்கள். ஆட்டிக்கொண்டே எல்லோரும் ஒரே நேரத்தில் தும்மிக் காட்டினார்கள். பிறகு கத்திக்கொண்டு மறுபக்கம் ஓடினார்கள். அது விளையாட்டின் சட்டம். அவர்கள் மேல் தப்பு சொல்ல முடியாது.

தம்பி பதிலுக்கு இரண்டு ஹாரன் கொடுத்தார்.

பதினான்காவது நிறுத்தமும் முடிந்து, பள்ளிக்கூட வாசலில் வண்டியை ஓரம் கட்டினார். ஏழு ஐம்பத்தைந்து. ஒரு நிமிஷம்கூடத் தாமதமில்லை. அக்கா பின்னால் திரும்பிக் காலி சீட்டுகளைப் பார்த்தார். பிறகு, எல்லோரும் கேட்டிருக்க வேண்டிய, யாரும் கேட்காத, தானும் கேட்க மறந்துபோன ஒரு கேள்வியைக் கேட்டார்.

“அன்னைக்கு ஏன்டா தும்மினே?”

தம்பி துணியை எடுத்தார். முன் கண்ணாடியைத் துடைத்தார். சான்றிதழ் ஒட்டியிருந்த இடத்தைச் சுற்றிச் சுற்றித் துடைத்தார்.

“சீட் உறையைக் கழட்டி உதறினேன்க்கா. வருஷா வருஷம் உதறுவேன்ல.”

தம்பிக்குச் சின்ன வயதிலிருந்தே தூசி ஒத்துக்கொள்ளாது.